புது அடுப்பும் வெடித்த சுவரும்: சாம்பல்தீவுக் குசினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2022 செப்டெம்பரில் ஒரு விடிகாலை, ஐந்து மணி இருக்கும், அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "தம்பி, அடுப்புச் சுவர் வெடிக்குது. இடியப்பம் அவிக்கேக்க படார் எண்டு ஒரு சத்தம். பாத்தா ஒரு டைல்ஸ் கழண்டு கீழ கிடக்குது." அந்த அடுப்பு எரியத் தொடங்கி அன்றைக்குப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.

கட்டட வேலைகளை மேற்பார்வை செய்வது என் தொழில். அந்தச் சுவரின் பூச்சுக்குச் சரி சொன்னவனும் நான்தான். அதனால் இந்தக் கதையில் வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு இடமில்லை. என்ன பிழை நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், இரண்டாம் முறை எதை மாற்றினோம் என்று விவரமாக எழுதி வைக்கிறேன். விறகு அடுப்புக்குத் திரும்பிய வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அடுப்பு வைப்பதைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். அதைச் சுற்றியுள்ள சுவரை எப்படி முடிப்பது என்று கேட்பவர்கள் குறைவு.

வீடும் அடுப்பும்

வீடு திருகோணமலை நகரத்திலிருந்து நிலாவெளி வீதியில் போனால் வரும் சாம்பல்தீவில் இருக்கிறது. கடல் நடந்து போகும் தூரம். ஓட்டுக் கூரை, பனங்கைமரம், ஆறு அங்குலச் சீமெந்துக்கல் சுவர். அக்காவும் அத்தானும் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டும் அடுப்பு எட்டு மணிக்குத்தான் அணையும். அதுவரை ஐந்து மணித்தியாலம் இடைவிடாத சூடும் நீராவியும். சாதாரண வீட்டு அடுப்பின் கணக்கை இந்த அடுப்போடு வைத்துப் பார்க்கக் கூடாது.

முன்பு எரிவாயுவில்தான் அவித்தார்கள். 2021 கடைசியில் நாடு முழுக்கச் சிலிண்டர் வெடிப்புச் செய்திகள் வந்தன. அப்புறம் 2022இல் சிலிண்டரே இல்லாமல் போனது. வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு அத்தான் இரண்டு இரவு வீதியோரத்தில் படுத்திருந்தார். மூன்றாம் நாள் காலை வெறுங்கையோடு வந்தவர், விறகு அடுப்புக் கட்டுவோம் என்றார்.

புகை குசினிக்குள் நிற்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வீட்டுக்குள் விறகும் கரியும் மண்ணெண்ணெயும் எரிவதால் வரும் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அக்காவுக்கு ஏற்கெனவே இழுப்பு. அதனால் சுவரோடு ஒரு மாடம் கட்டி, அதற்குள் இடுப்பு உயரத்தில் திட்டு வைத்து, மேலே புகைக்கூடு ஏற்றினோம். மாடத்துக்குள்ளே வெல்டிங் கடையில் செய்த இரும்புப் பெட்டி ஒன்று. மேலே பானை வைக்க இரண்டு துவாரம், முன்னே விறகு தள்ளும் வாய், பின்னாலிருந்து மேலே போகும் குழாய். மாடத்தின் வாய் 90 சென்ரிமீற்றர் அகலம். அந்த வாயைச் சுற்றி இடம், வலம், மேல் என்று மூன்று பக்கமும் எல் வடிவ இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தைப் பெட்டியோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். மேல் சட்டத்தின் மீதுதான் புகைக்கூட்டின் முன்சுவர் நின்றது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சட்டத்தின் விளிம்பு வரை இறுக்கிச் சீமெந்துச் சாந்து பூசி, அதன்மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டி, வாய்க்கு மேலே தூள் டப்பாக்கள் வைக்க ஒரு பாலைப் பலகைத் தட்டும் அடித்தோம். பூசி மூன்றாம் நாளே முழு நெருப்பு மூட்டினார்கள். கடைகளுக்குச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. நானும் தடுக்கவில்லை.

என்னென்ன கண்டோம்

முதல் வாரத்திலேயே வாயின் மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் சரிவாக, 45 பாகை அளவில், மேல்நோக்கி ஒரு வெடிப்பு ஓடியது. மூன்றாம் வாரத்தில் டைல்ஸ் கழன்றது. மிச்ச டைல்ஸை ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிப் பார்த்தேன். சட்டத்தை ஒட்டிய முதல் இரண்டு வரிசையும் வெறும் பானையைத் தட்டியது போல் ஒலித்தது. மூன்றாம் வரிசை பாதிக்குப் பாதி. அதற்கு அப்பால் எல்லாம் கெட்டி. நெருப்பிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்குச் சேதம் குறைந்தது. ஒட்டியவருடைய கைப்பிழையாக இருந்தால் இப்படி வரிசை போட்டுக் காட்டாது.

வெடிப்பை நிரப்பிவிட்டு இன்னும் கொஞ்சக் காலம் பார்ப்போம் என்று அத்தான் சொன்னார். நிரப்பினோம். பத்து நாளில் அதே இடத்தில் அதே கோடு. நவம்பரில் மழை பிடித்ததும் இன்னொரு கோலம் தெரிந்தது. சுவரில் அங்கங்கே ஈரத் திட்டுகள். கூரை ஒழுகவில்லை, குழாய் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறித்தால் அதே இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து நிற்கும்.

இவையெல்லாம் அழகு கெட்ட விஷயம் என்று நினைத்துக்கொண்டு தள்ளிப் போட்டிருப்பேன். ஒரு நாள் அக்கா சொன்ன வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. மாடத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. சுவரோடு ஒட்டி ஒரு மர அலுமாரி நிற்கிறது. "காலமை சேலை எடுக்கப் போனா, அயன் பண்ணி வச்ச மாதிரி வெதுவெதுப்பா இருக்குது தம்பி" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். குளிர் காலத்துக்கு நல்லது என்பது போல.

அன்றைக்கே அலுமாரியை இழுத்து வைத்தோம். பின்பலகையில், கையகல இடத்தில், நிறம் மாறியிருந்தது.

அடுத்த நாள் தொழிற்சாலைகளில் பாவிக்கும் வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கி வந்தேன். தூரத்தில் நின்று குறி வைத்தால் சூட்டைக் காட்டும் வகை. இதைப் பாவிப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: பளபளக்கும் தகட்டில் இது சூட்டைக் குறைத்துக் காட்டும். கரி பிடித்த இடத்திலோ, கறுப்புப் பெயின்ற் அடித்த இடத்திலோதான் குறி வைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு, நான்கு மணித்தியாலம் எரிந்த பிறகு அளந்தேன். மேல் சட்டம் 170 பாகை செல்சியஸ். அதிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பூச்சு 80. பாலைத் தட்டின் அடிப்பக்கம் 88. படுக்கையறைப் பக்கச் சுவர் 54.

இரும்பு வளரும்

கிண்ணியாவிலிருந்து ஒரு மேசனைக் கூட்டி வந்தேன். வயது அறுபதுக்கு மேல். பேக்கரிப் போறணை கட்டிப் பழகிய கை. நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வந்தவர் முதலில் வெடிப்பைப் பார்க்கவில்லை. இரும்புச் சட்டமும் சாந்தும் சேரும் விளிம்பில் நகத்தை வைத்து ஒரு தரம் இழுத்தார். நகம் எங்கேயும் இறங்கவில்லை.

"இரும்பு வளரும் தம்பி. வளர இடம் குடுக்காட்டி சுவத்தத் தள்ளும்."

அவர் ஒரு வரியில் சொன்னதை நான் வீட்டுக்குப் போய்த் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாகை சூடு கூடினால் இரும்பு தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளும். 90 சென்ரிமீற்றர்ச் சட்டம் 30 பாகையிலிருந்து 170க்குப் போனால் ஒன்றரை மில்லிமீற்றர் நீளம் கூடும். அதைச் சுற்றிய சீமெந்துப் பூச்சும் நீளும்தான், ஆனால் அது 80 பாகைக்குத்தான் போகிறது. அதன் பங்கு அரை மில்லிமீற்றருக்குக் கீழே. மிச்சம் ஒரு மில்லிமீற்றர். அது போக்கிடம் இல்லாமல் மூலையில் போய் முட்டுகிறது. மூலையிலிருந்து வெடிப்பு சரிவாகக் கிளம்பியது அதனால்தான். எட்டு மணிக்கு நெருப்பு அணைந்ததும் சட்டம் பழைய அளவுக்கு வந்துவிடும், ஆனால் வெடித்த சாந்து திரும்பி ஒட்டாது. மறுநாள் விடிய மறுபடியும் தள்ளும். வருடத்துக்கு 365 தடவை.

ஒரு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. சீமெந்துச் சாந்துக்கு இழுவை தாங்கும் குணம் மிகக் குறைவு. அமுக்கினால் மலை போல் நிற்கும், மயிரளவு இழுத்தால் வெடிக்கும். நாங்கள் செய்தது, தினமும் நீண்டு சுருங்கும் ஒன்றை அசையவே தெரியாத ஒன்றோடு கட்டிவிட்டதுதான்.

மற்ற விஷயங்களுக்கும் காரணம் ஒவ்வொன்றாகத் துலங்கியது. டைல்ஸ் விழுந்தபோது கேட்ட சத்தம் நீராவியின் வேலை. மூன்று நாள் மட்டுமே ஆன பூச்சுக்குள் தண்ணீர் நிறையக் கிடந்தது. மேலே மினுக்குப் போட்ட டைல்ஸ், ஆவி வெளியேற வழியில்லை. உள்ளே கொதித்த தண்ணீர் டைல்ஸை உந்தித் தள்ளியது. சாதாரண டைல்ஸ் பசையும் இந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல.

பெட்டியின் தொண்டையில், குழாய் சேரும் இடத்தில் வைத்த சீமெந்து விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. அந்த இடம் சுவரைவிடப் பல மடங்கு சூடு. 400 பாகைக்கு மேல் போனால் இறுகிய சீமெந்துக்குள் இருக்கும் சுண்ணாம்புப் பகுதி தன் தண்ணீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அடுப்பு ஆறியதும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பொடியாகும். எங்கள் குசினியில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. இடியப்ப ஆவியே போதும். இங்கே பொடியாவதை வெறும் பூச்சுச் சேதமாக எடுத்துவிடக் கூடாது. அந்த மூட்டு திறந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு குசினிக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஈரத் திட்டுக்குக் காரணம் மணல். 2022 நடுவில் டீசல் இல்லாமல் டிராக்டர்கள் நின்றன. மகாவலி கங்கை மணல் கிடைக்கவில்லை. பக்கத்தில் மலிவாக ஒரு லோட் கிடைத்தது. எங்கே அள்ளியது என்று நான் கேட்கவில்லை. நானா வெடித்த சாந்தில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார். பிறகு நானும் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. கறி உப்பு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். மாரியில் இங்கே காற்று அதற்கு மேல்தான். அதனால் மழைக் காலத்தில் சுவர் வியர்க்கிறது, காய்ந்த நாளில் அதே உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. கூரையோ குழாயோ ஒழுகினால் இந்தப் போக்கு இருக்காது. கடற்கரையோர வீடுகளில் இதைத் தெரியாமல் கூரையைப் பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். உப்பு இரும்பையும் விட்டுவைக்கவில்லை. சட்டத்தின் பின்பக்கம் ஏற்கெனவே செதில் செதிலாகத் துரு.

பாலைத் தட்டைப் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம். அடிப்பக்கம் தேயிலைச் சாயம் போல் மாறியிருந்தது. மரம் 88 பாகையில் பற்றாதுதான். ஆனால் மாதக்கணக்கில் சூடு வாங்கும் மரம் மெல்ல மெல்லக் கரியின் பக்கம் நகரும். அப்படி மாறிய மரம் புதிய மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும். கணப்படுப்பு உள்ள நாடுகளில் இதற்கு எழுதி வைத்த விதி இருக்கிறது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி, அடுப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய பொருளே இருக்கக் கூடாது. 6க்கும் 12க்கும் இடையில் இருந்தால், வாயிலிருந்து ஒவ்வொரு அங்குலத் தூரத்துக்கும் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் மட்டும் வெளியே நீட்டலாம். எங்கள் தட்டு வாயிலிருந்து 8 அங்குலம் மேலே. அந்தக் கணக்கில் ஓர் அங்குலம் நீட்டலாம். நாங்கள் நீட்டியிருந்தது 9 அங்குலம்.

இடையில் வந்த ஒரு யோசனை

இதையெல்லாம் உடைக்காமல், மேலே ஜிப்சம் போட் அடித்து மூடிவிட்டால் என்ன என்று அத்தான் கேட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஜிப்சம் நெருப்புத் தாங்கும் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். வீடு தீப்பற்றினால் அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரை நெருப்பைத் தடுத்து நிற்கும். ஆனால் அது ஒரு தடவை வரும் ஆபத்துக்கான பொருள். 50 பாகையைத் தாண்டிய சூடு தினமும் பட்டால் அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, போட் சுண்ணாம்புக்கட்டி போல் நொறுங்கத் தொடங்கும். மேலே ஒட்டிய கடதாசியோ எரியும் சாமான். நெருப்புத் தாங்கும் என்ற சொல்லை வைத்து ஒரு பொருளை அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது. எத்தனை நாள், எவ்வளவு சூடு என்று கேட்க வேண்டும்.

அத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, உடைப்பம்" என்றார்.

இரண்டாம் முறை

2023 ஜனவரியில் உடைத்தோம். அந்த வருடப் பொங்கல் முற்றத்தில் மூன்று கல்லில். வேலையைப் பெப்ரவரியில் தொடங்கினோம். மழை ஓய்ந்திருக்கும், கச்சான் என்ற வறண்ட காற்று இன்னும் பிடித்திருக்காது. சுண்ணாம்புப் பூச்சுக்கு அந்த இடைவெளி நல்ல காலம். கச்சான் அடிக்கும்போது பூசினால் காலையில் பூசியது மத்தியானம் காய்ந்து, சாயங்காலம் வெடிக்கும்.

முதல் வேலையாகப் பெட்டிக்கும் சட்டத்துக்கும் இருந்த பற்றவைப்பை அறுத்தோம். அப்புறம் சட்டத்தையே எடுத்தோம். வாய்க்கு மேலே இரும்பு வேண்டாம் என்று நானா சொல்லிவிட்டார். போறணை வாய்க்கு வைப்பது போல் செங்கல்லை நிறுத்தி வளைவு வைத்தார். பலகையை வளைத்து முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் இருந்து கல்லை அடுக்கி வந்து, நடுவில் கடைசிக் கல்லை மரச் சுத்தியலால் இறுக்கி இறக்கினார். செங்கல்லும் செங்கல்லும் ஒரே மாதிரி நீளும், ஒரே மாதிரி சுருங்கும். ஒன்றையொன்று கிழிக்காது.

வளைவுக்குச் சாந்து சீமெந்து அல்ல. தம்பலகாமத்துப் பக்கத்திலிருந்து வந்த களி ஒரு பங்கு, கங்கை மணல் இரண்டரைப் பங்கு. களியின் அளவை நானா தராசில் பார்க்கவில்லை. கலவையைக் கையில் உருட்டி விரல் மொத்தத்துக்குத் திரித்து, வளைத்துப் பார்த்தார். வளைவில் வெடித்தால் களி போதாது. பளபளவென்று வளைந்து கையில் ஒட்டினால் களி கூடிவிட்டது, காயும்போது சுருங்கும். லேசாக முடி போல் கோடு விழுந்து, ஆனால் உடையாமல் நிற்கும் பதம்தான் சரி. ஒரு பங்கு மணலைக் கூட்டி, மறுபடி உருட்டி, மறுபடி வளைத்து, நான்காவது தடவைதான் தலையாட்டினார்.

இரும்புப் பெட்டி இப்போது மாடத்துக்குள் தனியே நிற்கிறது. சுற்றிலும் சின்ன விரல் அகலம், ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி. அதற்குள் கொதிகலன் கதவுகளுக்கு வைக்கும் பீங்கான் நார்க் கயிற்றை அமுக்கி வைத்தோம். கயிறு கொழும்பிலிருந்து வந்தது. இங்கே பழைய அஸ்பெஸ்டஸ் கயிறு மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. வேண்டாம் என்றுவிட்டேன். குழாய் மூட்டிலிருந்த பொடிச் சீமெந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அங்கேயும் அதே கயிறுதான் சுற்றினோம்.

படுக்கையறைச் சுவருக்குத் தனி ஏற்பாடு. பழைய சீமெந்துக்கல் சுவருக்கு முன்னே, ஓர் அங்குல இடைவெளி விட்டு, நான்கு அங்குலச் செங்கல் சுவர் ஒன்று எழுப்பினோம். அடியிலும் மேலேயும் காற்றுப் போக ஓட்டை. சூடேறிய காற்று மேல் ஓட்டையால் குசினிக்குள் வெளியேறும், அடியால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் புகைக்கூட்டு விதிநூலான என்.எஃப்.பி.ஏ 211 இந்த இடைவெளிக்குக் கொடுக்கும் மதிப்பைப் பார்த்தால் விளங்கும். அடுப்புக்கும் எரியும் பொருளுக்கும் இடையே விட வேண்டிய தூரத்தை, கல்சுவரை ஒட்டிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் குறைக்கலாம். அதே கல்சுவர், பின்னால் ஓர் அங்குலம் காற்றோட்டம் விட்டுக் கட்டினால் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கலாம். ஓர் அங்குலக் காற்றுக்கு அவ்வளவு பெறுமதி. வேலை முடிந்து பழைய மாதிரியே நான்கு மணித்தியாலம் எரித்து அளந்தபோது படுக்கையறைப் பக்கம் 36 பாகை. அலுமாரியை எப்படியும் எதிர்ச் சுவருக்கு மாற்றியாகிவிட்டது.

இனி முகப்பு. வாயைச் சுற்றி 45 சென்ரிமீற்றர் வரை சீமெந்தும் இல்லை, டைல்ஸும் இல்லை. அங்கே சுண்ணாம்புப் பூச்சு. முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை என்பதால் பழைய காலத்துக் கடற்சுண்ணாம்பு கிடையாது. கடையில் வாங்கிய சுண்ணாம்புத் தூளை வாளியில் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் ஊறவைத்துத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டு வந்தோம். அதில் ஒரு பங்கு, கழுவிய கங்கை மணல் மூன்று பங்கு, விரல் நீளத்துக்கு நறுக்கிய தேங்காய்த் தும்பு ஒரு பிடி. மணலை இந்த முறை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் டிராக்டரிலிருந்து இறக்கவிட்டேன். மூதூர்ப் பக்கத்து மணல். இரண்டு தடவையாக, ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாமல், இடையில் ஒரு வாரம் விட்டுப் பூசினோம். ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட்டோம். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கித்தான், அதற்கு ஈரமும் நாளும் வேண்டும். சீமெந்துபோல் கல்லாகாது. கொஞ்சம் இளகிய சுபாவம். அதுதான் இங்கே நமக்குத் தேவை.

சுண்ணாம்புப் பூச்சு முடிந்து பழைய சீமெந்துப் பூச்சு தொடங்கும் இடத்தில் ஐந்து மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு கோடு வெட்டிவிட்டோம். மேசன்மாருக்கு இது பிடிக்காது. இரண்டு பூச்சும் தெரியாமல் ஒன்றாக இழுத்துவிடுவதில்தான் கைத்திறன் என்று பழகியவர்கள். ஆனால் நாமாக ஒரு நேர்க்கோட்டை விடாவிட்டால் சுவர் தனக்குப் பிடித்த இடத்தில் கோணல் கோடு போட்டுக்கொள்ளும். டைல்ஸ் இப்போது அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. பாலைத் தட்டைப் பக்கச் சுவருக்குக் கொண்டு போனோம். அக்காவுக்கு முதலில் வருத்தம், எட்டி எடுக்க வசதியாக இருந்தது என்று. அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். பிறகு கேட்கவில்லை.

புகைக்கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முகட்டுக்குக் கீழே நின்றதால் கச்சான் காலத்தில் புகை திரும்பி வந்துகொண்டிருந்தது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடி, பத்து அடிக்குள் உள்ள எதையும்விட இரண்டு அடி உயரம் என்பது பொது விதி. அந்த உயரத்துக்கு ஏற்றினோம், பனங்கைமரத்திலிருந்தும் தள்ளிச் செங்கல்லால் சுற்றிக் கட்டினோம்.

மூன்று வாரம் காத்திருந்த பிறகுதான் நெருப்பு. முதல் நாள் நாலு சிரட்டை, அரை மணித்தியாலம். சுவரில் கை வைத்தால் கை தாங்கும் சூடு. இரண்டாம் நாள் கொஞ்சம் பொச்சு. அப்படியே பத்து நாளில் முழு விறகுக்கு வந்தோம். நாலாம் நாள் களிச்சாந்திலிருந்து ஆவி எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன், வளைவின் மூட்டுகளில் மெல்லிய ஈரக் கோடு. அன்றைக்கு விறகைக் கூட்டாமல் அதே அளவில் நிறுத்தினோம். அந்தப் பத்து நாளும் அக்கா முற்றத்தில்தான் அவித்தாள். அவசரப்படுத்தவில்லை.

இப்போது எரிப்பது காய்ந்த வீரையும் நாவலும், மூட்டுவதற்கு ஊமலும் சிரட்டையும். கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகளை அத்தான் முன்பு பொறுக்கி வருவார். அது உப்பு ஊறிய மரம், குழாயைத் தின்றுவிடும், புகையும் கூடாது. நிறுத்திவிட்டார்.

மெழுகும் கோடும்

வேலையெல்லாம் முடிந்து நானா போகும்போது அக்காவிடம் ஒன்று சொன்னார். "தங்கச்சி, கிழமைக்கு ஒருக்கா வாயைச் சுத்தி மெழுகிப் போடுங்க." புற்றுமண்ணும் சாணமும் கொஞ்சம் சாம்பலும். அம்மம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் அடுப்பு மெழுகுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அது சாமிக்காக, சுத்தத்துக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். கணக்கெல்லாம் போட்டுப் பார்த்த பிறகு அந்த வேலை எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அடுப்பு வாய் தினமும் அசையும் இடம், எதைப் பூசினாலும் மயிர்க்கோடு விழும். அம்மம்மா ஆறு நாளில் விழுந்த கோடுகளை ஏழாம் நாள் நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நிலைத்து நிற்கும் பூச்சு ஒன்றை அவள் தேடவே இல்லை. சீமெந்து வந்த பிறகு நாங்கள் ஒரு தடவை பூசினால் போதும் என்று நம்பினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்புப் பூச்சுக்கு அப்பால், ஜன்னல் பக்கம், பழைய உப்பு மணல் பூச்சில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. 2024 மாரியிலும் அங்கே ஈரம் கசிந்தது. அதையும் ஒரு நாள் வெட்டி எடுக்க வேண்டும். வளைவின் இடது காலடியில் ஒரு மயிர்க்கோடு விழுந்தது. 2023 ஏப்ரலில் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதினேன். ஜூலையில் பார்த்தபோது அரை விரல் நீண்டிருந்தது. மறுபடி கோடும் திகதியும். அதற்குப் பிறகு 2024 டிசெம்பர் வரை நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன், ஜூலைக் கோட்டைத் தாண்டவில்லை.

அக்கா வெள்ளிக்கிழமை மெழுகும்போது அந்தக் கையகல இடத்தை மட்டும் சுற்றி விட்டுவிட்டு மெழுகுகிறாள். சுற்றிலும் சாம்பல் பூத்த மண் நிறம், நடுவே வெள்ளைச் சுண்ணாம்பில் என் பென்சில் கோடுகள். அடுத்த கச்சான் பிடிக்க முன் இன்னொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.